பள்ளி ஆய்வகத்திலும் ஆடிட்டர் அலுவலகத்திலும் தின் கிளையண்ட்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் கணினி ஆய்வகத்தையும், அதே ஊரில் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் கணினிகளையும் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இரண்டு இடங்களிலும் மேசைமேல் இருப்பது தின் கிளையண்ட், அதாவது சர்வரை நம்பி இயங்கும், ஹார்ட் டிஸ்க் இல்லாத சிறு பெட்டிதான். இதையே முனையம் என்றும் சொல்வேன். பள்ளியில் லினக்ஸும் எல்டிஎஸ்பியும் இயங்குகின்றன. அலுவலகத்தில் விண்டோஸ் சர்வரும், அதன் திரையை வேறிடத்திலிருந்து பயன்படுத்த உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பும். இவற்றை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெட்டியின் விலையை. நாள்தோறும் பயன்படுத்துபவரின் வசதியையும் தொல்லையையும் தீர்மானிப்பது அந்த விலையன்று. அவர் திறக்கும் மென்பொருள் உண்மையில் எந்த இயந்திரத்தில் ஓடுகிறது என்பதே.

எல்டிஎஸ்பி என்னும் லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டத்தை 1999இல் ஜிம் மெக்குவிலன் தொடங்கினார். அதன் பழைய முறையில், முனையம் வலையமைப்பு வழியே தொடங்கி, திரையையும் விசைப்பலகையையும் மட்டும் கவனித்துக்கொள்ளும். மற்ற எல்லாமே சர்வரில் ஓடும். அக்கால ஆவணங்கள் சர்வருக்கான நினைவகத்தை 256 எம்பியுடன் ஆளுக்கு 192 எம்பி வீதம் கூட்டிக் கணக்கிடச் சொல்லின. அதன்படி இருபது மாணவர்களுக்கு 4 ஜிபி போதும். எழுத்துச் செயலியும் வரைபலகையும் மட்டுமே இருந்தவரை அக்கணக்கு பொய்க்கவில்லை. உலாவியில் நாலைந்து தாவல்களைத் திறந்து வைப்பது வழக்கமான பிறகு, ஆளுக்கு 192 எம்பி என்பது ஒரு தாவலுக்கே போதாமற்போனது.

நினைவகமாவது காசு கொடுத்து வாங்கக்கூடியது. காணொளி அப்படியன்று. 1024×768 புள்ளிகள் கொண்ட திரையை, புள்ளிக்கு 24 பிட் நிறத்துடன், நொடிக்கு 25 முறை சுருக்காமல் அனுப்புவதற்கு ஏறத்தாழ 470 மெகாபிட் வேகம் வேண்டும். பழைய முனையத்தின் இணைப்பு தாங்குவதோ 100 மெகாபிட். 320×240 அளவுள்ள சிறு சாளரத்தில் பார்த்தாலும் ஒருவருக்கு 46 மெகாபிட் ஆகும் என்பதால், இருபது பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் சர்வரின் கிகாபிட் இணைப்பு கிட்டத்தட்ட முழுவதும் நிரம்பிவிடும். அறிவியல் ஆசிரியர் பாடக் காணொளி ஒன்றை எல்லோரையும் திறக்கச் சொன்னால் ஆய்வகம் திணறியதற்கு இக்கணக்குதான் காரணம். பெட்டிகளின் தரத்தைக் குறை கூறிப் பயனில்லை.

இன்னொரு சிக்கல் பாடத்திட்டத்தோடு வந்தது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. சுழற்சிக் கட்டளை கற்கும் பிள்ளைகளில் சிலர் எண்ணியின் மதிப்பைக் கூட்ட மறப்பார்கள், முடிவில்லாமல் சுற்றும் நிரலை எழுதுவார்கள். கற்பதில் அது இயல்பான படிதான். ஆனால் எல்லோருடைய நிரலும் ஒரே சர்வரில் ஓடும்போது, நான்கைந்து பேரின் முடிவிலாச் சுழற்சிகள் சேர்ந்து மற்றவர்களின் சுட்டியையும் தடுமாற வைத்துவிடும். பயனருக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்க வழிகள் உண்டு. ஆயினும் வரம்பைப் பராமரிப்பதே ஒரு தனி வேலை.

2019இல் ஆல்கிஸ் யோர்கோபூலோஸ் எல்டிஎஸ்பியை முற்றிலும் புதிதாக எழுதி வெளியிட்டார். புதிய முறையில் இயங்குதளத்தின் பிம்பம், அதாவது அதன் முழு நகல், மட்டும் சர்வரில் இருக்கிறது. முனையம் அதை வலையமைப்பு வழியே படித்துக்கொண்டு, நிரல்களைத் தன் செயலியிலும் தன் நினைவகத்திலும் ஓட்டுகிறது. மாணவரின் கோப்புகள் மட்டும் சர்வரில் உள்ள அவரது கணக்கில் சேமிக்கப்படுகின்றன. இம்முறைக்கு மாறிய பிறகு, முடிவிலாச் சுழற்சி எழுதிய பிள்ளையின் முனையம் மட்டுமே நிற்கிறது. காணொளியும் சுருங்கிய வடிவிலேயே வந்து அங்கேயே விரிகிறது.

பராமரிப்பவருக்கு உள்ள பழைய லாபங்கள் எவையும் குறையவில்லை. தமிழ்99 தட்டச்சை சர்வரில் உள்ள பிம்பத்தில் ஒரு முறை அமைத்தால் எல்லா முனையங்களுக்கும் வந்துவிடுகிறது. எதைக் கலைத்துப்போட்டாலும் மறுதொடக்கத்தில் இயங்குதளம் பழையபடி ஆகிறது. எபோப்டெஸ் என்னும் மென்பொருளால் ஆசிரியர் தம் இடத்திலிருந்தே எல்லாத் திரைகளையும் பார்க்கவும் பூட்டவும் முடிகிறது. எந்த இருக்கையில் அமர்ந்தாலும் தன் கோப்புகள் தன்னிடம் வருவது பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. இருக்கைச் சண்டை ஒழிந்ததாக ஆய்வக உதவியாளர் சொல்வதை நான் முழுமையாக நம்பவில்லை. குறை என்றால், மணி அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பெட்டியை இயக்கும்போது தொடக்கம் மெதுவாகிறது.

அலுவலகத்தின் கதை நேர்மாறானது. அங்கே கணக்கு மென்பொருளும் கோப்புகளும் சர்வரிலேயே ஓடுவதுதான் வசதி. மின்சாரம் போய் முனையம் அணைந்தாலும், யுபிஎஸ் தாங்கும் சர்வரில் ஊழியரின் அமர்வு, அதாவது அவர் திறந்து வைத்த வேலை, உயிரோடு இருக்கிறது. மீண்டும் லாகின் செய்தால் பாதியில் விட்ட பதிவு அப்படியே திறந்திருக்கும். பள்ளியின் புதிய முறையில் இந்த வசதி கிடையாது. முனையம் அணைந்தால் சேமிக்காத வேலை போய்விடும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் இந்த ஏற்பாடே கைகொடுத்தது. வாடிக்கையாளர்களின் கணக்குகள் எவருடைய வீட்டுக் கணினிக்கும் நகலாகாமல், ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். அதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பின் வாயில் எண்ணான 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்கும் குறுக்குவழியை மட்டும் யாரும் எடுக்க வேண்டாம். ரிமோட் டெஸ்க்டாப்பில் 2019 மே மாதம் வெளிப்பட்ட புளூகீப் என்னும் பாதுகாப்பு ஓட்டை, எக்ஸ்பி வரையிலான பழைய விண்டோஸ்களுக்கும் திருத்தம் வெளியிட வேண்டிய அளவுக்குத் தீவிரமாக இருந்தது. விபிஎன் என்னும் பூட்டிய தனிவழியாக மட்டுமே உள்ளே வர வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அலுவலகத்தில் தீராத தொல்லைகள் இரண்டு. முதலாவது, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். முனையத்தில் பொருத்திய பிரிண்டருக்கு ரிமோட் டெஸ்க்டாப் பக்கத்தைப் படமாக்கி அனுப்புவதால், எழுத்தாகப் பறந்து அடிக்க வேண்டிய இயந்திரம் வரிவரியாகப் படம் வரைகிறது. மூன்று பிரதி பில்லுக்கு அது ஆகாது. பிரிண்டரை வலையமைப்பில் இணைத்து, அதற்குரிய டிரைவரை சர்வரிலேயே நிறுவிய பிறகே நிலைமை சீரானது.

இரண்டாவது தொல்லை, மின்னொப்பத்துக்கான டிஎஸ்சி டோக்கன். யுஎஸ்பியில் செருகும் இதைக் கணினி ஒரு கார்டு ரீடராகவே பார்க்கும். சர்வரின் யுஎஸ்பியில் அதைச் செருகினால், ரிமோட் அமர்வில் இருப்பவருக்கு அது தெரியாது. ஏனெனில் அமர்வு முனையத்தின் பக்கம் உள்ள கார்டு ரீடரைத்தான் தேடும். முனையத்தில் செருகினாலோ, விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் அதை அனுப்பும் வசதி இருப்பதில்லை. போதாததற்கு, உலாவியோடு பேசும் கையொப்ப உதவி நிரல்கள் ஒரு குறிப்பிட்ட போர்ட்டில் காத்திருப்பவை. ஒரே சர்வரில் ஒருவர் அதைத் திறந்துவிட்டால் அடுத்தவருக்கு இடமில்லை. ஒரு கணினிக்கு ஓர் ஆள் என்ற நினைப்பில் எழுதப்பட்ட நிரல்களுக்குப் பகிர்ந்த சர்வர் ஒத்துவருவதில்லை.

ஆளுக்கொரு மெய்நிகர் கணினி கொடுக்கும் விடிஐ முறை இந்தப் போர்ட் மோதலைத் தீர்க்கும். ஆனால் ஒவ்வொருவருக்கும் முழு விண்டோஸ் தனியாக ஓட வேண்டும் என்பதால் நினைவகம் பல மடங்காகிறது. அதற்கான விண்டோஸ் உரிமமும் வேறு. பகிர்ந்த முறையிலேயே சர்வர் உரிமத்துக்கு மேல் ஆளுக்கோ சாதனத்துக்கோ ஒரு ரிமோட் டெஸ்க்டாப் உரிமம் வாங்க வேண்டும். 120 நாள் சலுகைக் காலம் முடிந்த பிறகு இணைப்பு மறுக்கப்படும்போதுதான் பலருக்கு இது தெரிய வருகிறது. பத்துப் பேருக்கும் குறைவான எங்கள் அலுவலகத்துக்கு விடிஐ தேவையில்லை என்று முடிவு செய்து, கையொப்பத்துக்கென்று ஒரு சாதாரணக் கணினியை ஓரமாக வைத்துவிட்டோம்.

இத்துறைப் பொருள்களின் ஆயுளையும் பார்த்து வாங்க வேண்டும். சன் நிறுவனம் 1999இல் கொண்டுவந்த சன் ரே முனையங்கள், அந்நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போன பின் நிறுத்தப்பட்டன. மைக்ரோசாஃப்ட் 2010இல் பள்ளிகளுக்கென்று கொண்டுவந்த மல்டிபாயிண்ட் சர்வர், விண்டோஸ் சர்வர் 2016இல் ஓர் அங்கமாகச் சேர்க்கப்பட்டு, 2019 பதிப்பில் காணாமற்போனது. விஎம்வேரின் விடிஐ மென்பொருளான ஹொரைசன் 2024இல் ஓம்னிஸா என்னும் தனி நிறுவனத்தின் பொருளாயிற்று. ஆகவே, ஒரே நிறுவனத்தின் சர்வரோடு மட்டும் பேசும் பெட்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் பரிந்துரைப்பதில்லை.

பள்ளிக்கு வாங்குவதானால், வலையமைப்பு வழியே தொடங்கக்கூடிய, 4 ஜிபிக்குக் குறையாத நினைவகமும் கிகாபிட் போர்ட்டும் உள்ள, பயன்படுத்திய சிறு கணினிகளே போதும். மிச்சமாகும் பணத்தை, முனையங்களை சர்வரோடு இணைக்கும் நல்ல வலையமைப்பு ஸ்விட்சுக்கும், அது பழுதானால் அன்றே மாற்றுவதற்கு இன்னொரு ஸ்விட்சுக்கும் ஒதுக்குங்கள். ஐப்பசி இடிமழையில் எங்கள் ஆய்வகத்தில் முதலில் போவது எப்போதும் ஸ்விட்ச்தான், அது போனால் எல்லா முனையங்களும் சேர்ந்தே நிற்கும்.