ஆந்தைக்கரடி மினியேச்சர்: கழுத்து வரை பழுதில்லை

கற்பனை வீரர்களாக வேடமேற்று மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை ஆடுபவர்களுக்கு அவுல்பேர் எனப்படும் ஆந்தைக்கரடியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆந்தையின் தலையும் கரடியின் உடலும் கொண்ட இந்த வேட்டை விலங்கு, அவ்விளையாட்டு 1974இல் வெளிவந்ததற்கு மறு ஆண்டே அதன் துணைத்தொகுப்பு ஒன்றில் தோன்றி, இன்றுவரை தொடக்கநிலை வீரர்களைக் காட்டுக்குள் விரட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் குழுவின் ஆட்டத்தை நடத்துபவன் என்ற முறையில், பாட்டில் மூடி ஒன்றை மேசையில் வைத்து அதையே ஆந்தைக்கரடி என்று சொல்லி இதுநாள்வரை சமாளித்துவந்த நான், சென்ற மாதம் வண்ணம் பூசாத பிளாஸ்டிக் மினியேச்சர் ஒன்றை இணையத்தில் வாங்கினேன்.

பிளாஸ்டிக் இந்த விலங்குக்குப் பிறவியிலேயே வாய்த்தது. விளையாட்டை உருவாக்கிய இருவருள் ஒருவரான கேரி கைகாக்ஸ், மலிவுவிலைக் கடையொன்றில் ஹாங்காங் தயாரிப்பான பொம்மைப் பை ஒன்றை வாங்கினார். பையின்மேல் வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள் என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருந்தவற்றுள் சில எந்தக் காலத்திலும் வாழ்ந்திராத உருவங்கள். ஆந்தைக்கரடியும், இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டரும், மண்ணுக்கடியிலிருந்து பாயும் புலெட்டும் அப்படி வந்தவைதாம்.

எனவே ஆந்தைக்கரடிப் பொம்மை எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது கழுத்தைத்தான். தலையைக் கொண்டுவந்து உடலில் ஒட்டியதுபோல் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வீண். இதில் முகத்தைச் சுற்றியுள்ள இறகுகள் வட்டத் தட்டுப்போல் அடர்ந்து, கழுத்தில் ஒடுங்கி நீண்டு, தோளுக்கு வருவதற்குள் எப்போது ரோமமாயின என்று சொல்ல முடியாதபடி கலந்துவிடுகின்றன. விளக்கருகே திருப்பித் திருப்பிப் பார்த்தும் அந்த எல்லை எனக்குப் பிடிபடவில்லை. அலகில் மூக்குத்துளை இல்லாததுதான் சிறு குறை: கூர்மையான பார்வையோடு மோப்பமும் இதற்கு உண்டென்று விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள் சொல்கின்றன. குண்டூசியைச் சூடாக்கி நானே இரண்டு துளைகள் இட்டேன்.

நிற்கும் நிலையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதே விதிப்படி இது ஒரு சுற்றில் 40 அடி ஓடும். சாதாரண மனித வீரன் 30 அடிதான் ஓடுவான். அதாவது, தப்பி ஓடுபவனைத் துரத்திப் பிடித்து, அலகாலும் நகத்தாலும் ஒரே சுற்றில் இருமுறை தாக்கும் விலங்கு இது. சிற்பியோ இரண்டு கால்களில் நிமிர்த்தி, கைகளை உயர்த்தி, சர்க்கஸ் கரடியைப்போல் நிறுத்திவிட்டார். முன்னங்கால்களை ஊன்றித் தலையைத் தாழ்த்தியிருந்தால் பார்ப்பவனுக்கு வயிறு கலங்கியிருக்கும்.

தயாரிப்பின் தரத்திலும் கவனக்குறைவு தெரிகிறது. முதுகின் வழியே ஓடிய அச்சுக்கோட்டைக் கத்திமுனையால் சுரண்ட அரைமணி நேரமாயிற்று. அனுப்பியவர்கள் பெட்டிக்குள் திணித்திருந்த விதத்தில் இடது குதிகால் வளைந்து தட்டைவிட்டு எழும்பியிருந்தது. வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, விரலால் அழுத்தி நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் இட்டதும் கால் படிந்தது என்றாலும், ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தவன் செய்ய வேண்டிய வேலையன்று இது.

வண்ணம் பூசுவதற்கு மிக இணக்கமான உருவம். நீர்த்த பழுப்பு அக்ரிலிக்கை இரண்டு முறை பூசி, பள்ளங்களில் வாஷ் எனப்படும் கருமையான நீர்த்த சாயத்தை ஓடவிட்டு, ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் வெளிர்நிறத்தை மேலோட்டமாகத் தேய்த்தவுடன், ஒவ்வோர் இறகின் விளிம்பும் தனித்தனியே எழுந்து நின்றது. கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் இது வசப்படும்.

அடித்தட்டின் விட்டம் 2 அங்குலம் என்பதால், ஆட்ட வரைபடத்தில் பெரிய உருவத்துக்குரிய நான்கு கட்டங்களில் (ஒரு கட்டம் ஐந்து அடி) இது சரியாக அமர்கிறது. பாட்டில் மூடியின் அருகில் துணிந்து நின்றுவந்த எங்கள் மந்திரவாதி, இதை வரைபடத்தில் வைத்ததும் இடையிலிருந்த கட்டங்களை விரலால் எண்ணிப் பார்த்தார், ஏழுதான் இருந்தன.