டில்லி வெயிலும் பாரலாச்சா குளிரும்: லே பயணத்துக்கு உடுத்தியவை

டில்லியிலிருந்து பைக்கில் லடாக்கின் லே நகருக்குப் போகிறேன் என்றதும் ஆர்.கே.புரம் நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு தடியான ஜாக்கெட் வாங்கணும்?" ஜூன் மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு, டில்லியைத் தாண்டியதும் வரும் முர்த்தல் வரை ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். டில்லியில் 43 என்றால், லே போகும் வழியில் 4,900 மீட்டரை ஒட்டிய பாரலாச்சா கணவாயில் நடுப்பகலிலேயே பதின்மூன்றை ஒட்டித்தான் இருக்கும். அதிகாலையில் பூஜ்யத்துக்குப் பக்கம். ஓடும் வண்டியின் காற்று வேறு. இரண்டுக்கும் ஒரே ஜாக்கெட் போதும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கரோல் பாக் நாயிவாலா சந்தில் வாங்கிய, காற்றுப் புகும் வலைத்துணியாலான மெஷ் ஜாக்கெட்தான் இத்தனை வருடமாக எனக்கு. தோளிலும் முழங்கையிலும் சிஇ லெவல் 2 (ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்) பாதுகாப்புத் தட்டு இருக்கிறது. முதுகில் வெறும் ஸ்பாஞ்சுதான் வைத்திருந்தார்கள். தட்டைத் தனியாக வாங்கிச் செருகினேன். உள்ளே வியர்வை உலரும் பனியன், அதன்மேல் ஃப்ளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கை இழைச் சட்டை), எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சைஸ் பெரிய ரெயின் ஜாக்கெட். அது மழைக்கு மட்டுமல்ல, மெஷ்ஷில் நுழையும் காற்றையும் அடைக்கும். பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கணவாயில் உடம்பைச் சில்லிட வைக்கும்.

ஜாக்கெட்டுக்குள் பொருத்தும் வாட்டர்ப்ரூஃப் லைனர் எனக்கு ஒத்துவரவில்லை. மழை வந்தால் நடுரோட்டில் ஜாக்கெட்டைக் கழற்றவேண்டும். மேல்துணி எப்படியும் நனைந்து கனக்கும், உலரும்போது சூட்டையும் உறிஞ்சும்.

உண்மையான சோதனை கைக்கும் காலுக்கும்தான். தடிக் கிளவுஸ் போட்டால் கிளட்ச் பிடிமானமே தெரியாது. மெல்லியது ஒன்று, குளிருக்கு ஒன்று என இரண்டு ஜோடி வைத்துக்கொள்கிறேன். கொட்டும் மழையில் அதன்மேல் பாத்திரம் கழுவும் பெரிய ரப்பர் கிளவுஸ். பார்க்கக் கேவலமாக இருக்கும், விரல் விறைக்காது. ஷூ விஷயம் இன்னும் சிக்கல். வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலைக்குக் குறுக்கே ஓடும் நாலாக்களில் (ஓடைகளில்) தண்ணீர் கூடும். வாட்டர்ப்ரூஃப் பூட்ஸாக இருந்தாலும் மேல்வழியாக நிறைந்துவிட்டால் தண்ணீர் வெளியேறாது. கம்பூட்டில் (உயரமான ரப்பர் பூட்ஸ்) கணுக்காலுக்குப் பாதுகாப்பில்லை. கம்பளி சாக்ஸ், அதன்மேல் பாலிதீன் பை, அப்புறம் ரைடிங் பூட்ஸ் என்பதே என் வழி. மாற்று சாக்ஸ் டேங்க் பையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

டவுன் ஜாக்கெட் (பறவையின் மென்தூவி அடைத்தது) வழியில் தங்கும் சர்ச்சு கூடாரத்தில் மாலையில் போட மட்டும். நனைந்தால் அதில் சூடு நிற்காது. அம்மா கொடுத்தனுப்பும் மங்கி குல்லா ஹெல்மெட்டுக்குள் நுழையாது; தலையையும் முகத்தையும் மூடும் மெல்லிய பலாக்கிளாவா உறை போதும்.

இத்தனை சீசனில் மெஷ்ஷின் கறுப்பு வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. மணிக்கட்டு வெல்க்ரோ பிடிப்பதில்லை, ஜிப் இன்னும் உறுதி. முதலில் போனது ரெயின் பேன்ட்தான்: சீட்டில் உரசும் இடத்தில் தையல் டேப் உரிந்து தண்ணீர் இறங்கியது. அதில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். ஃப்ளீஸும் தெர்மலும் காஷ்மீரி கேட் பக்கத்து மொனாஸ்டரி மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கினாலே போதும்.