வயரா, வயர்லெஸ்ஸா: பச்சை குத்தும் பேனா மெஷின் வாங்குமுன்

கல்லடியில் என் அறைக்குத் தொழில் பழக வரும் பொடியன்மார் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணா, வயர் வைச்சது எடுக்கவா, வயர்லெஸ் எடுக்கவா?" இரண்டையும் காசு கொடுத்து வாங்கிப் பார்த்தவன் நான். இப்போது கையில் இருப்பது வயர் பேனா. அதனால் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

குத்துவதில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் பூட்டுவது அதே கார்ட்ரிட்ஜ்தான், அதாவது ஊசி உள்ள சின்னக் குப்பி. ஸ்ட்ரோக், அதாவது ஊசி முன்னும் பின்னும் போய்வரும் தூரம், 3.5 அல்லது 4 மில்லிமீட்டர் என்று ஒன்றாக இருந்து, மோட்டாரும் நல்லதாக இருந்தால், கோடு ஒரே மாதிரித்தான் விழும். வயர்லெஸ்ஸில் பற்றரியின் பாரம் பின்பக்கம் நிற்கும். மற்றதில் வயர் கையை இழுக்கும். வயரை முழங்கைக்கு மேலால் எடுத்து விட்டால் அந்தத் தொல்லையும் குறைவு.

வயர்லெஸ்ஸுக்கு உள்ள மதிப்பையும் சொல்ல வேண்டும். சுற்றுலாச் சீசனுக்கு அறுகம்பே கடற்கரைக்குப் போனால், சின்னப் பை ஒன்றோடு போய் எந்த விறாந்தையிலும் இருந்து வேலை செய்யலாம். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அப்போதும் அது ஓடும்தான். ஆனால் விளக்கும் ஃபேனும் இல்லாமல் வேர்த்து வடியும் தோலில் யார் குத்துவது?

சரி, என்னை மாற வைத்த விஷயம் பற்றரி. என் வயர்லெஸ் பேனாவில் அது உள்ளேயே பூட்டிய வகை. முதல் வருடம் குறையே இல்லை. பிறகு ஒரு நாள், ஒரு தம்பியின் கையில் 'அம்மா' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். திரையில் 40 சதவீதம். 'ம்' முடித்து 'மா'வின் வளைவுக்குள் ஊசி போனதும் மெஷின் நின்றுவிட்டது. "என்னண்ணா, முடிஞ்சுதா?" என்றான். சார்ஜ் ஏறும் வரை இருவரும் பிளேன்டீ குடித்தோம்.

லித்தியம் செல் பழசானால் இப்படித்தான். சும்மா இருக்கும்போது வோல்டேஜ் சரியாகக் காட்டும். மோட்டார் இழுத்ததும் சடாரென்று விழும். சூடும் எந்நேரமும் முழுச் சார்ஜில் வைத்திருப்பதும் அதைக் கெதியாகக் கிழடாக்கும். நம்மூர் வெக்கையில், தகரக் கூரைக்குக் கீழே, நானோ இரவிரவாகச் சார்ஜில் போட்டு வைத்தவன்.

போன் திருத்தும் கடைக்குக் கொண்டு போனேன். திறந்து பார்த்துவிட்டு, "செல்லில தகட்டை வெல்ட் பண்ணியிருக்கு. ஈயம் பிடிச்சா சூட்டில செல் பழுதாகும், நான் தொடமாட்டன் தம்பி" என்றார். வெளிநாட்டிலிருந்து எடுப்பதும் லேசில்லை. லித்தியம் அயன் பற்றரியைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரலிலிருந்து தடை. மெஷினுக்குள் பூட்டி வந்தால் விடுகிறார்கள். ஆக, ஒரு செல்லுக்காக முழு மெஷினையும் திரும்ப வாங்கும் நிலைமை.

வயர் பேனாவில் பழுதாவது பெரும்பாலும் வயர்தான். ஆர்சிஏ முனை (பழைய டிவியில் செருகும் வட்ட முனை மாதிரி) கறுத்தால் துடைக்கலாம், அறுந்தால் புதிதாக வாங்கலாம். மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வாங்கும்போது முனையைப் பாருங்கள். செயென் ஹாக் பேனா மாதிரிச் சிலதுக்கு 3.5 மில்லிமீட்டர் ஜாக். நான் ஆர்சிஏ கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அதே துளையில் பற்றரி பேக் ஒன்றைச் செருகினால் அதுவே வயர்லெஸ். அறுகம்பே பயணத்துக்கு அது போதும். பேனா நீண்டு பின்பக்கம் பாரமாகும் என்பதால் நாள் முழுக்க அதில் வேலை செய்ய மாட்டேன்.

எஃப்கே அயன்ஸ் ஃப்ளக்ஸ் மாதிரிப் பற்றரியைக் கழற்றி மாற்றும் வயர்லெஸ் என்றால் என் குறையில் பாதி போய்விடும். கூட்டாளி ஒருவருடையதை ஒரு நாள் பிடித்துப் பார்த்ததோடு சரி, அதனால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். விலை கையைக் கடிக்கும்.

என் பழைய வயர்லெஸ் பேனா லாச்சிக்குள் கிடக்கிறது. விற்கலாமென்று ஒருவருக்குக் காட்டினேன். மோட்டாரை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பற்றரி எத்தனை மணித்தியாலம் நிக்கும் அண்ணா?" என்றுதான் முதலில் கேட்டார்.