வாசலுக்கு வரும் ஆண் கொசு: ஐந்துக்கு நான்கு

தேக்காவில் வாங்கிய கிரைண்டர், ஏர்கான் கழுவ வரும் பையன், மீன்தலைக் குழம்பு என்று எது எதற்கோ மார்க் போட்டிருக்கிறேன். இந்த முறை, நான் கேட்காமலே, ஒரு காசும் வாங்காமலே வாசலுக்கு வரும் ஒன்றுக்கு. கொசு. உயிரோடு.

சிங்கப்பூரில், தெம்பனிசில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிற்கு வேலை நாள் காலையில் ஒருவர் வருவார். கையில் பையும் அதற்குள் உருளை வடிவில் பிளாஸ்டிக் குழாய்களும் இருக்கும். நடைபாதை ஓரத்தில் நின்று ஒன்றின் மூடியைத் திறந்து லேசாகத் தட்டுவார். கறுப்பாக ஒரு புகை எழுந்து கலைவது போல இருக்கும், அவ்வளவுதான். அப்புறம் லிஃப்டில் ஏறி மேல்மாடிக்குப் போய் அங்கேயும் அதையே செய்வார். டெங்கிக் கொசுவைக் குறைக்க ஆண் கொசுவை வெளியே விடும், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் வோல்பாக்கியா திட்டம் இதுதான். 2016இல் சில இடங்களில் சோதனையாக ஆரம்பித்தார்கள், தெம்பனிஸ் வெஸ்ட் அதில் ஒன்று. நான் இந்தப் பக்கம் வந்தது 2021இல், மகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள. அதனால் இது இல்லாத ஊரும் தெரியும், இருக்கிற ஊரும் தெரியும். இதற்கு மார்க் போட எனக்குள்ள தகுதி அது ஒன்றுதான்.

இது இல்லாத ஊர் என்றது கேலாங் பக்கம் இருந்த எங்கள் பழைய வீட்டை. 2020. கோவிடுக்குப் பயந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். பகலில் கடிக்கிற கொசுவுக்கு அது திருவிழாக் காலம். அந்த வருடம் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. அந்த எண்ணிக்கையில் எங்கள் வீட்டுக்காரரும் ஒருவர்.

புளோக் கீழே சிவப்புப் பதாகை கட்டியிருந்தார்கள். சிவப்பு என்றால் அந்த வட்டாரத்தில் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் என்று கணக்கு. வீடு வீடாகச் சோதனைக்கு வந்தார்கள். எனக்கு ஒரு கவலையும் இல்லை. என் வீடு பளிங்கு மாதிரி. வந்த பெண் குளியலறை, குப்பைத்தொட்டி, பூந்தொட்டி எல்லாம் பார்த்துவிட்டு, கிளம்பும்போது வாசலில் குனிந்தார். அங்கே என் பித்தளை உருளி. ஊரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது. தண்ணீர் ஊற்றி, செவ்வந்தியும் அரளியும் மிதக்க விட்டிருந்தேன். பூவை விலக்கி டார்ச் அடித்தார். மெல்லிய நூல் துண்டுகள் போல ஏழெட்டு, தண்ணீரின் மேல்பரப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் போய்விட்டன. அந்தப் பெண் ஒரு சொட்டுக் குழாயால் அவற்றை உறிஞ்சிச் சின்னக் குப்பியில் விட்டு என் கண் முன்னால் பிடித்தார். 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம்.

வெள்ளிக்கிழமைதோறும் பூ மாற்றுவேன். தண்ணீரை மாற்ற மாட்டேன், குறைந்த அளவுக்கு மேலே ஊற்றி நிரப்புவேன். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீருக்குள் போடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் சாகாது, தண்ணீர் ஏறி நனைத்தால் பொரிந்துவிடும். நான் வாரா வாரம் அதற்குப் பிரசவம் பார்த்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். வெறுமனே கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால்கூடப் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

நான்கு நாள் கழித்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். உருளியில் பிறந்ததுதான் கடித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மருத்துவமனையில் பிளேட்லெட், அதாவது ரத்தத் தட்டணு, 18,000க்கு இறங்கியது. ஊரிலிருந்து போன் மேல் போன், "பிளேட்லெட் ஏத்தச் சொல்லுக்கா, பப்பாளி இலைச் சாறு கொடுக்கா" என்று. கோவிட் கெடுபிடியில் உள்ளே போகவும் முடியாமல், போனிலேயே அந்த இளம் டாக்டரிடம் நான் போட்ட சண்டையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. ரத்தக்கசிவு இல்லை, அதனால் ஏற்றப்போவதில்லை என்று பொறுமையாக மூன்று தடவை சொன்னார். அவர் சொன்னதற்குப் பின்னால் இருந்தது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஆய்வு என்று பிற்பாடுதான் தெரிந்தது. பிளேட்லெட் 20,000க்குக் கீழே போன 372 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஏற்றி, மறு பாதிக்கு ஏற்றாமல் பார்த்திருக்கிறார்கள். ஏற்றியதால் ரத்தக்கசிவு சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை, ஏற்றியவர்களுக்குத்தான் பக்கவிளைவு கூடுதல். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சண்டை போடுவதற்கு முன் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டுக்காரர் ஏழாம் நாள் எழுந்து உட்கார்ந்து கோப்பி கேட்டார்.

சரி, கொசுவுக்கு வருவோம்.

தெம்பனிஸ் வந்த புதிதில் இந்தத் திட்டத்தை விளக்கும் ஒரு கண்காட்சியில் கொசு நிறைந்த வலைக்கூண்டு ஒன்றை வைத்திருந்தார்கள். அதற்குள் கையை விடலாம் என்றார்கள். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா), "யா அல்லா, நான் மாட்டேன்" என்று ஒதுங்கிக்கொண்டார். நான் விட்டேன். இருபது முப்பது கொசு கை மேல் உட்கார்ந்தது, நடந்தது, பறந்தது. ஒன்றுகூடக் கடிக்கவில்லை. ஆண் கொசுவுக்குக் கடிக்க வாயே கிடையாது, பூவின் தேனைக் குடித்துப் பிழைப்பது. கிட்டே பார்த்தால் முகத்தின் முன்னால் இறகு வைத்த மாதிரி அடர்த்தியாக இரண்டு உணர்கொம்பு. என் பேத்தி அதற்கு மீசை என்று பெயர் வைத்திருக்கிறாள். பெண் கொசுவின் கொம்பு மெலிந்த நூல்போல இருக்கும்.

வேலை நடக்கும் விதம் இப்படி. வோல்பாக்கியா என்பது பூச்சிகளின் உயிரணுக்குள் வாழும் ஒரு பாக்டீரியா. 1924இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பக்கம் சாதாரணக் கொசுவில் கண்டுபிடித்தார்கள். வண்ணத்துப்பூச்சி, பழ ஈ, தட்டாம்பூச்சி என்று ஏறத்தாழப் பாதிப் பூச்சி இனங்களில் இருக்கிறது. டெங்கியை முக்கியமாகப் பரப்பும் ஏடிஸ் எகிப்தி என்ற இனத்துக்கு இயற்கையில் இல்லை. அதற்குள் ஆய்வகத்தில் புகுத்தி, அந்த ஆண்களை வெளியே விடுகிறார்கள். வோல்பாக்கியா உள்ள ஆணும் இல்லாத பெண்ணும் சேர்ந்தால் முட்டை வரும், பொரியாது. ஜாதகம் பொருந்தாத கல்யாணம் என்று மக்சிக்குக்கு விளக்கினேன். அவருக்குப் புரியவில்லை, என் தங்கைக்கு உடனே புரிந்தது.

இதில் ஒரு பெண்கூட வெளியே போகக் கூடாது. வோல்பாக்கியா உள்ள பெண் போய்விட்டால் பொருத்தம் கூடிவிடும், முட்டை பொரியும், திட்டம் படுத்துவிடும். அதனால் கூட்டுப்புழுப் பருவத்திலேயே பிரிக்கிறார்கள். பெண் பெரியது, ஆண் சிறியது. தப்பி வரும் பெண்ணும் மலடாகும்படி குறைந்த அளவு எக்ஸ்ரே காட்டும் முறையும் உண்டு. அங் மோ கியோவில் 2019 டிசம்பரில் திறந்த கூடத்தில் வாரத்துக்கு 50 லட்சம் ஆண் கொசு வரை வளர்க்க முடியும். ஐம்பது லட்சம் மாப்பிள்ளை!

எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் தனியாக ஒரு பிடிப்பு வந்ததற்குக் காரணம் வேறு. என் அப்பாயிக்கு யானைக்கால். கும்பகோணம் பக்கத்துக் கிராமம். இடது கால் முழங்காலுக்குக் கீழே உரல் மாதிரி. மாதத்துக்கு ஒரு தடவையாவது நெறிகட்டி, குளிர்க்காய்ச்சல் வந்து படுப்பார். விசேஷ வீடுகளுக்குப் போக மாட்டார். போனாலும் சேலையை இழுத்து மூடிக்கொண்டு பின்கட்டில் உட்காருவார். அவர் இறந்த பிறகு பல வருடம் கழித்துத்தான் நான் படித்தேன்: அந்தக் காலுக்குள் இருந்த புழுவின் உள்ளேயும் இதே வோல்பாக்கியா வாழ்கிறது. கொசுவுக்கு அது இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை. யானைக்கால் புழுவுக்கோ அது இல்லாமல் வாழ்க்கையே இல்லை. டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண ஆன்டிபயாடிக்கை நாலு முதல் ஆறு வாரம் கொடுத்தால் பாக்டீரியா சாகிறது, பெண் புழு மலடாகிறது, போகப் போகப் புழுவும் செத்துவிடுகிறது. அத்தனை வாரம் தினமும் விழுங்க வேண்டும், கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும் ஆகாது என்பதால் ஊருக்கே கொடுக்க முடியவில்லை. குறைந்த நாளில் முடியும் மருந்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் விடுங்கள், காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, விரலிடுக்கில் புண் வராமல் பார்த்தாலே அந்தக் காய்ச்சல் வெகுவாகக் குறையுமாம். அப்பாயியிடம் அதைச் சொல்ல ஆள் இல்லை.

உலகச் சுகாதார அமைப்பு புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் என்று 21 வகையைப் பட்டியல் போட்டிருக்கிறது. டெங்கி, யானைக்கால், தொழுநோய், வெறிநாய்க்கடி, பாம்புக்கடி எல்லாம் ஒரே பட்டியலில். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு டெங்கியைப் புறக்கணிக்கப்பட்ட நோய் என்றால் சிரிப்பு வரும். புளோக்கிற்குப் புளோக் பதாகை. ஆனால் இன்றுவரை டெங்கி வைரஸைக் கொல்லும் மாத்திரை மருந்துக்கடையில் கிடையாது. சோதனையில் நம்பிக்கை கொடுத்து வந்த ஒரு மாத்திரையின் ஆய்வை, அதை நடத்திய பெரிய மருந்து நிறுவனமே 2024இல் நிறுத்திவிட்டது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். ஓராண்டுக்கு மேல் கொசு விட்ட பகுதிகளில் ஏடிஸ் எகிப்தி 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கிறது. அங்கே வசிப்பவர்களுக்கு டெங்கி வரும் வாய்ப்பு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைவு. இது வாரியம் சொல்லும் கணக்கு. என் கணக்கு: இங்கே வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் டெங்கி இல்லை. 2022இல் நாடு முழுக்க 32,000 பேருக்கு மேல் வந்தபோதும் இல்லை. ஐந்து பேரை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது என்று மருமகன் சொல்கிறார். அவர் சொல்வது சரிதான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஒரு மார்க்கை ஏன் பிடித்தேன்? வேலை நன்றாக நடக்கும்போது மோசமாகத் தெரிகிற சேவை இது. விட்ட அன்றைக்கு வீட்டுக்குள் கொசு கூடுதலாகப் பறக்கும். பால் காய்ச்சும்போது மூக்குக்கு முன்னால் ஒன்று சுற்றும். புது ஆட்களுக்குத் திகில்தான். மாப்பிள்ளைகளுக்கு ஆயுசும் கொஞ்ச நாள், ஆகவே வாரா வாரம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பழையபடி ஏறிவிடும். இரவில் காதோரம் பாடும் சாக்கடைக் கொசுவையும், செடிப் பக்கம் கடிக்கும் வரிக்கொசுவையும் இது தொடாது. அதற்கு மின்மட்டை இன்னும் என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

புதுச்சேரியில் இருக்கிற தங்கை கேட்டாள், "அக்கா, இந்தோனேசியாவுல பொம்பளக் கொசுவையும் சேத்து விட்டாங்களாமே, அது தேவலையா?" உண்மைதான். யோக்யகர்த்தாவில் இரண்டையும் விட்டு, ஊர்க் கொசு முழுவதையும் வோல்பாக்கியா கொசுவாக மாற்றினார்கள். டெங்கி 77 விழுக்காடு குறைந்ததாக 2021இல் முடிவு வந்தது. அந்தப் பாக்டீரியா உள்ளே இருந்தால் டெங்கி வைரஸ் கொசுவுக்குள் பெருகத் திணறும். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதால் காலத்துக்கும் விட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை, செலவும் குறைவு. அவள் ஊரிலேயே உள்ள நோய்ப்பரப்பி ஆராய்ச்சி மையம் அப்படிப்பட்ட கொசுவை உருவாக்கிவிட்டதாக 2022இல் அறிவித்தது. ஆனால் பெண்ணை விட்டால் கடிக்கும். இங்கே ஏற்கெனவே குறைவாக இருக்கிற கொசுவோடு கடிக்கும் கொசுவையும் காசு போட்டு வளர்த்து விட்டால் எங்கள் புளோக் ஆண்ட்டிகள் சும்மா இருப்பார்களா? எங்களுக்கு மாப்பிள்ளை மட்டுமே சரி.

2026க்குள் ஏறத்தாழ எட்டு லட்சம் வீடுகளுக்கு, அதாவது பாதிச் சிங்கப்பூருக்கு, கொண்டுபோவது என்று திட்டம். உங்கள் புளோக்கில் குழாயோடு ஒருவரைப் பார்த்தால் பயப்படாதீர்கள், மருந்து அடிக்கவும் ஓடாதீர்கள். அவர் வருகிறார் என்று பூந்தொட்டித் தட்டைக் கவனிக்காமல் விடவும் வேண்டாம்.

உருளி இன்னும் வாசலில்தான். தண்ணீருக்குப் பதில் மணல், மேலே துணிப்பூ. பார்க்கச் சகிக்கவில்லை. பேத்தி பூதக்கண்ணாடியோடு சுவரில் உட்கார்ந்ததையெல்லாம் சோதிக்கிறாள்; மீசை இருந்தால், "பாட்டி, இது நம்ம ஆளு, அடிக்காதீங்க" என்பாள். நேற்றுக் காலை சுவரருகே போனவள் வெகுநேரம் பேசவேயில்லை. அப்புறம் மெதுவாக, "பாட்டி, மட்டை எங்கே?" என்றாள்.