பத்மநாபபுரம் அரண்மனை: குளச்சல்காரனின் பார்வையில்

எங்க ஊர்க் கடற்கரையில் வெற்றித்தூண் நிற்கிறது. 1741-ல் டச்சுப் படையைத் தோற்கடித்த மன்னர் மார்த்தாண்ட வர்மா எங்கிருந்து ஆண்டார் என்று கேட்ட மருமகனை, தக்கலை பக்கமுள்ள இந்த அரண்மனைக்கே கூட்டிப்போனேன்.

ஓட்டுக்கூரை, மரச்சட்டம், கண்ணாடிபோல மின்னும் கருந்தரை. அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்குள் நுழைந்ததும் வெயில் மறந்தே போகும். 1729-ல் மார்த்தாண்ட வர்மா பட்டமேறியபோது நாடு சின்னது. பிள்ளைமார், மாடம்பிகள் என்ற நிலப்பிரபுக்கள் அரசனையே மிரட்டிய காலம். அவர்களை ஒடுக்கி, கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என ஒவ்வொன்றாகச் சேர்த்துத் திருவிதாங்கூராக்கினார். இரக்கமில்லாமல்தான் செய்தார், அதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அப்புறம், உப்பரிகை மாளிகையைத் தவறவிடாதீர்கள். 1750-ல், நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்த அதே வருஷம் எழுந்தது. மேல்மாடி சாமிக்கு என்று ஒதுக்கியது. அதைச் சொன்னதும் பையன் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான். அங்கேயுள்ள கட்டில் 64 வகை மூலிகை மரத்தால் ஆனது என்கிறார்கள்.

திங்கள் விடுமுறை. செருப்பை வெளியே விட வேண்டும். படிகள் செங்குத்து, முட்டுவலி உள்ளவர்கள் கவனம். காலையிலேயே போங்கள். நேரமிருந்தால் புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டையையும் பாருங்கள்: குளச்சலில் பிடிபட்டு, பிறகு அதே அரசரின் தளபதியான டச்சுக்காரர் டி லனாயின் கல்லறை அங்கேதான் இருக்கிறது.