18,500 ரூபாயும் போய் பேஜும் போயிட்டு, எக்கவுண்ட் திறக்க எண்டு போன் கடைக்குப் போற ஆக்கள் ஒருக்கா வாசிங்க

கை நடுங்க நடுங்கத்தான் எழுதுறன், பிழை இருந்தா மன்னிச்சிக்கங்க. இது தங்கச்சிட எக்கவுண்ட். என்ட எக்கவுண்ட் போயிட்டு, அதுக்குள்ள இருந்த சாரி பேஜும் போயிட்டு, அதோட 18,500 ரூபா சல்லியும் போயிட்டு. நேத்துப் பின்னேரம்தான் எல்லாம் முழுசா விளங்கின, இரவு முழுக்க கண் மூடல. லொகின் வராட்டி, லோட் ஆகாட்டி நாமளே என்ன செய்யலாம் எண்டு ஒவ்வொண்டா கடைசில எழுதுறன், அதுக்கு முன்ன நடந்ததச் சொல்லி முடிக்கோணும் இல்லாட்டி நெஞ்சு வெடிச்சிரும்.

கடைட பேரு, ஆள்ட பேரு, என்ன ஆப் எண்டு ஒண்டும் எழுத மாட்டன். பேரப் போட்டா மறுகா நம்மளுக்கே கேஸ் வரும் எண்டு தங்கச்சிட புருசன் சொல்றார். எல்லார்ட போன்லயும் கிடக்கிற சோசியல் மீடியா ஒண்டு, டவுன் பக்கம் இரிக்கிற போன் திருத்துற கடை ஒண்டு. அவ்வளவுதான்.

நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம். மருதமுனையில நெசவு செய்யிற ஆக்கள்ட்ட கைத்தறிச் சாரி எடுத்து, வீட்டு வாசல்ல கொடில போட்டு வெயில் சரியாப் படுற நேரம் பாத்து போட்டோ புடிச்சி, பேஜ்ல போட்டு விக்கிறன். நாலு வருசமா இதான் சீவியம். அவர் கட்டார்ல, ஆனா அங்கத்தச் சம்பளம் லோனுக்கே சரி. வைகாசி கண்ணகி அம்மன் சடங்குக்கு முன்னதான் எனக்கு வருசத்துலயே கூட ஓடர் வாற, சுவிஸ்ல லண்டன்ல இரிக்கிற நம்மட சனம் அம்மாக்கு ஒண்டு மாமிக்கு ஒண்டு எண்டு அந்த நேரந்தான் கேட்கும். அந்த நேரம் பாத்துத்தான் இந்த நாசம் வந்து சேந்த.

ஒரு நாள் காலம்புற ஆப்பத் திறந்தா வெள்ளையா நிக்கிது, நடுவுல வட்டம் சுத்துது, சுத்திட்டே இரிக்கி. முதல்ல நான் நெனச்ச அரசாங்கந்தான் திரும்ப அடைச்சிட்டு எண்டு. 2018 மார்ச்சுல அடைச்சாங்க, 2019 ஏப்ரல்ல குண்டு வெடிச்ச நேரம் அடைச்சாங்க, 2022 ஏப்ரல் 3ம் தேதியும் அடைச்சாங்க, அப்பெல்லாம் சனம் முழுக்க, அடைச்சத சுத்திக்கொண்டு உள்ள போற விபிஎன் ஆப் போட்டுத் திரிஞ்சது ஞாபகம் இரிக்கும்தானே. ஆனா பக்கத்து வீட்டக்காட போன்ல நல்லா வேல செய்யிது. அவ சொன்னா அழிச்சிப் போட்டு திரும்ப ஏத்துகா சரியாகும் எண்டு. அழிச்சன். திரும்ப ஏத்தினன். இப்ப பாஸ்வேர்ட் கேக்குது. நாலு வருசமா ஒரு நாளும் அடிக்காத பாஸ்வேர்ட நான் எங்க போய்த் தேடுற? மறந்திட்டு எண்டு அமத்தினா 47ல முடியிற நம்பருக்கு கோட் அனுப்பலாம் இல்லாட்டி ஈமெயிலுக்கு அனுப்பலாம் எண்டு வருது. என்ட நம்பர் 47ல முடியல. ஈமெயில் எண்டா, போன் வாங்கேக்க கடைப் பொடியன் ஏதோ ஒண்ட அடிச்சித் தந்தான், அது என்னெண்டே எனக்குத் தெரியா. நம்மட ஊர்ல முக்காவாசிப் பேருக்கு இதே கததான், சிரிக்காதீங்க.

அந்தப் பயத்துல ஓடினதுதான் அந்தக் கடைக்கு. பஸ்ல போய் இறங்கி, மத்தியான வெயில்ல, முகமெல்லாம் வேர்த்து ஊத்துது. கடைக்குள்ள மூண்டு மேச. கடைசி மேசைல இருந்த பொடியன் ஒழும்பி ஸ்டூல இழுத்துப் போட்டு, மேசைல இருந்த குட்டி ஃபேன என்ட பக்கம் திருப்பி விட்டான். "அக்கா முதல்ல இரிங்க, தண்ணி குடிங்க, அழாதீங்க." எந்த ஊர் எண்டு கேட்டான். சொன்னன். "அட, எங்கட பெரியம்மா வீடும் அங்கதான் அக்கா" எண்டான். கோயில் திருவிழாவக் கேட்டான், வெட்டின ரோட்டக் கேட்டான். இப்ப யோசிச்சா ஆர் வேணுமெண்டாலும் அதெல்லாம் கேக்கலாம், ஆனா அந்த நேரம் எனக்கு என்ட தம்பி மாதிரியே இருந்திச்சி. அந்த ஃபேன் காத்துலதான் நான் உழுந்த.

போனப் பாத்திட்டு சொல்றான், "இது பாஸ்வேர்ட் பிரச்சின இல்லக்கா, எக்கவுண்ட் சேவர்ல லொக் ஆயிட்டு, விட்டா முப்பது நாள்ல முழுசா அழிஞ்சிரும்" எண்டு. வயித்துல புளி கரைச்சிச்சி. நேத்தும் ஒரு சேர்ட எக்கவுண்ட எடுத்துக் குடுத்த எண்டு அவன்ட போன்ல ஏதோ காட்டினான். செக் பண்ண 3,500 எண்டான், குடுத்தன். பில் கேக்கல. தம்பி மாதிரி இரிக்கிற புள்ளைட்ட பில் கேக்க வெக்கமா இருந்திச்சி, அந்த வெக்கத்துக்கு என்ன பேர் வைக்கிற எண்டு இப்ப தெரியல.

மறுகா அவன்தான் கேட்டான், 47ல முடியிற நம்பர் ஆருட எண்டு. அப்பதான் மண்டைல தட்டின. அது அவர்ட பழைய சிம், இப்ப அம்மாட பட்டன் போன்ல கிடக்கு! நான் யோசிக்காதத இவன் ஒரு நிமிசத்துல கண்டு புடிச்சிட்டானே எண்டு எனக்கு அவன்ல நம்பிக்க இன்னும் கூடிட்டு. "வீட்ட போங்கக்கா, நான் இஞ்ச இருந்து அடிக்கிறன், கோட் வந்ததும் எனக்கு கோல் எடுத்து சொல்லுங்க, லேட்டாக்கிராதீங்க, பத்து நிமிசத்துல செத்திரும்."

வீட்ட வந்தா அம்மா குசினி வாசல்ல இருந்து கீரி மீன் கழுவிட்டு இரிக்கா. பட்டன் போன் மூடி கழண்டு போய் ரப்பர் பேண்ட் போட்டு கட்டிக் கிடக்கு. கீங் எண்டு சத்தம் வந்திச்சி. ஈரக் கையோட அம்மா எடுத்துத் தந்தா. ஆறு இலக்கம். அதுக்குக் கீழ இங்கிலீசுல ஒரு வரி, இந்த கோட ஆருக்கும் குடுக்க வேணாம் எண்டு. பொய் சொல்லல, அந்த வரி என்ட கண்ணுல பட்டிச்சி. நல்லாப் பட்டிச்சி. இவன் ஆருக்கோவா, திருத்தித் தாற பொடியன்தானே எண்டு நெனச்சி ஒவ்வொரு இலக்கமா வாசிச்சன், அவன் ஒருக்கா திருப்பிச் சொல்லிப் பாத்தான், நான் ஓம் ஓம் சரி எண்டன்.

அஞ்சி நிமிசத்துல என்ட பேஜ்ட ஸ்கிரீன்ஷொட் வாட்ஸப்ல வந்திச்சி. என்ட பச்சச் சாரி படம். அழுதிட்டன் சந்தோசத்துல. ஆனா பாஸ்வேர்ட் தரல. "கொம்பனி இன்னும் பிடிச்சி வச்சிரிக்கிக்கா, கொம்பனிக்குள்ள இரிக்கிற ஆளுக்கு 15,000 போட்டாத்தான் விடுவாங்க, எனக்கு ஒரு ரூபா வேணாம்." சீட்டுக்கு கட்ட வச்சிருந்த காச எடுத்து பேங்க் மெசின்ல போட்டன். ஸ்கிரீன்ல ஒரு பொம்புளப் பேரு வந்திச்சி. கேட்டன். "அது எங்கட கணக்குப் பாக்கிற மிஸ்" எண்டான். அதுக்கும் தலையாட்டினன். 3,500, 15,000. மொத்தம் 18,500. மருதமுனையில நல்ல சாரி மொத்தமா எடுக்கத் தேவையான முதல்ல பாதி.

அதுக்குப் புறகு கதையே வேற. முதல் நாள் 24 மணித்தியாலம் எண்டான். அடுத்த நாள் 48 எண்டான். அடுத்து சேவர் டவுன். அடுத்து ஞாயிறு கொம்பனி லீவாம். வெளிநாட்டுக் கொம்பனிக்கு நம்மட போயா லீவும் இரிக்கி எண்டு சொல்லாம விட்டதுதான் மிச்சம். மறுகா கோல் எடுக்கிறல்ல, மெசேஜ் போட்டா "மீட்டிங்ல அக்கா". போன் திருத்துற பொடியனுக்கு என்ன மீட்டிங்? ஆறாம் நாள் அவன்ட வாட்ஸப் போட்டோ காணாமப் போயிட்டு. ப்ளொக் பண்ணிட்டான்.

அதே நாள் சுவிஸ்ல இரிக்கிற மாமி கோல் எடுக்கிறா, "புள்ள, அம்மா ஆஸ்பத்திரில எண்டு போட்டிரிக்காய், என்ன நடந்த?" எண்டு. அம்மா எனக்கு முன்னால இருந்து தேங்காய் திருவிட்டு இரிக்கா! என்ட பேஜ்ல இருந்து எல்லாருக்கும் மெசேஜ், அவசரம், 10,000 போடுங்க நாளைக்கு தாறன் எண்டு. ஒரு டீச்சர் சாரிக்கு எண்டு 6,000 அட்வான்சும் போட்டிரிக்கா அவனுக்கு. அந்தச் சாரிய என்ட கைக்காசுல குடுத்தன். அவ வேணாம் எண்டா, நான்தான் கேக்கல. அவவுக்கு நான்தானே முகம்.

கடைக்குப் போனன். முதலாளி தலைய நிமித்தல. "அந்தப் பொடியன் இஞ்ச வேல இல்ல தங்கச்சி, மேசைய வாடகைக்கு எடுத்திருந்தவன், போன கிழமையே நிண்டுட்டான்." உங்கட கடைக்குள்ளதானே காசு வாங்கினவன் எண்டு கேட்டா, "பில் இரிக்கா?" எண்டு கேக்கிறார். இல்ல. "கோட குடுத்தது ஆரு?" நான். "அப்ப நாங்க என்ன செய்யிற?" அந்தக் குட்டி ஃபேன் இப்ப அவர்ட பக்கம் சுத்துது. நம்பர் குடுங்க எண்டா நம்பர் இல்லையாம், ஐடென்டி கார்ட் கொப்பி வாங்கலையாம். மேசைய வாடகைக்கு விட்ட மனிசன்ட்ட ஆள்ட பேரு கூட முழுசா இல்லையாம், நம்புங்க.

இனி கேளுங்க என்ட வயித்தெரிச்சல. நேத்து தங்கச்சிட மூத்தவன், ஏ.எல். படிக்கிறவன், போன வாங்கிப் பாத்தான். "பெரியம்மா, உங்கட போன்ல இடமே இல்ல" எண்டான். 32 ஜிபி போன், சாரி போட்டோ மட்டும் ஆயிரக்கணக்குல. ஆப்புக்கு மூச்சு விட இடமில்லாமத்தான் வெள்ளையா நிண்டிரிக்கி. கொஞ்சப் போட்டோவ மெமரி கார்டுக்கு மாத்தி, ஆப்புட கேஷ, அதான் ஆப் தற்காலிகமா சேத்து வைக்கிறத, மட்டும் அழிச்சிருந்தா அண்டைக்கே சரி, கேஷ அழிச்சா லொகின் போகாதாம், டேட்டாவ அழிச்சாலோ ஆப்ப அழிச்சாலோதான் திரும்ப பாஸ்வேர்ட் கேக்குமாம். அதோட விடல. போன்லயே கிடக்கிற ஈமெயில் ஆப்பத் திறந்தான், நான் வாங்கின நாள்ல இருந்து ஒரு நாளும் தொடாதது. போன் வாங்கேக்க கடைப் பொடியன் அடிச்ச அந்த ஈமெயில் அதுக்குள்ளதான் இவ்வளவு நாளும் திறந்து கிடந்திரிக்கி. கோட ஈமெயிலுக்கு அனுப்பு எண்டு அமத்தியிருந்தா என்ட கைக்கே வந்திருக்கும். அம்மாட போனுக்கு வந்த கோட நானே அடிச்சிருந்தாலும் உள்ள போயிருப்பன். ஒரு ரூபா இல்லாம. அதுக்குத்தான் 18,500 குடுத்தன்.

அந்த ஈமெயிலுக்குள்ள கொம்பனியே மெசேஜ் போட்டும் இரிக்கி: உங்கட நம்பர் மாத்தியிரிக்கி, ஈமெயில் மாத்தியிரிக்கி, நீங்க செய்யாட்டி இத அமத்துங்க எண்டு. கோட் வாசிச்ச அதே நாள், அரை மணித்தியாலத்துக்குள்ள வந்தது. இப்ப அமத்தினா காலாவதி எண்டு வருது. அவன் ரெண்டாவது பூட்டும் போட்டிரிக்கான், அவன்ட போன்ல இரிக்கிற ஆப்புல வாற கோட் இல்லாம இனி நான் உள்ள போக ஏலா.

பொலிசில என்ட்ரி போட்டன். எழுதினாங்க, துண்டு தந்தாங்க. 2007ம் ஆண்டு 24ம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் எண்டு ஒண்டு இரிக்கி எண்டு தங்கச்சிட மூத்தவன் சொன்னான், அதச் சொன்னன், பாப்பம் எண்டாங்க. இன்னும் பாக்கிறாங்க.

ஒவ்வொண்டா எழுதுறன் எண்டு சொன்ன, ஆனா இப்ப ஏலா, தல இடிக்குது. சுருக்கமா சொல்றன். வெள்ளையா நிண்டா முதல்ல வேற ஆள்ட போன்ல பாருங்க, மறுகா உங்கட போன்ல இடம் இரிக்கா, தேதி நேரம் சரியா, ஆப் அப்டேட்டா, 2022ல போட்ட விபிஎன் இன்னும் ஓடுதா எண்டு பாருங்க. பாஸ்வேர்ட் தெரியாம ஆப்ப அழிக்காதீங்க. கோட் எந்த நம்பருக்குப் போகுது எண்டு இண்டைக்கே பாருங்க, ரீலோட் போடாம விட்ட சிம் எண்டா மாத்துங்க, அந்த நம்பர் வேற ஆளுக்குப் போகலாம். எக்கவுண்ட் எடுத்துத் தர எந்தக் கொம்பனியும் காசு கேக்கிறல்ல. கோட, தம்பி எண்டாலும் குடுக்காதீங்க. ஏமாந்திட்டா இணையப் பிரச்சினையப் பாக்கிற அரசாங்க அமைப்பு இலங்கை சேர்ட் (CERT), 101க்கு கோல் எடுங்க, கடைக்காரன் பில் தராட்டி நுகர்வோர் அதிகார சபை 1977. நான் ரெண்டுக்கும் காலம்புறதான் எடுக்கப் போறன்.

என்ட்ட சாரி எடுத்த ஆக்கள், பச்சச் சாரி படம் போட்ட அந்தப் பேஜ்ல இருந்து நான் எண்டு ஆரும் காசு கேட்டா போடாதீங்க, அது நான் இல்ல. உள்ள போய் ரிப்போர்ட் அடிச்சி விடுங்க, ஒரு ஆள் அடிச்சாக் காணாது, எல்லாரும் அடிங்க. சடங்குக்கு சொன்ன ஓடரெல்லாம் கொப்பில எழுதி வச்சிரிக்கன், சாரி வரும்.