சர்வரைச் சுத்தம் செய்கிறேன் என்று 18,500 ரூபாய் வாங்கியவன்

பணகுடியில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் ராப்பகலாகச் சுழல்கின்றன. ஆடிக் காற்றில் எங்கள் கடையில் மட்டும் மின்சாரம் தங்காது. போன வெள்ளிக்கிழமை பில் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு ஏறிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. யுபிஎஸ்ஸும் கைவிட்டது.

சர்வர் மறுபடி எழுந்துவிட்டது. ஆனால் பாதியில் நின்ற அட்டவணை மாற்றத்தின் தற்காலிக நகல் ஒன்று 9 ஜிபியை அடைத்துக்கொண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. கணக்குகளை அட்டவணைகளாகச் சேமிக்கும் டேட்டாபேஸ் மென்பொருள் எங்களிடம் பழைய மைஎஸ்க்யூஎல் 5.7. அது இப்படி மிச்சம் வைப்பதுண்டு.

அதை நீக்க, வேலை தெரிந்தவர்களைப் பிடித்துத் தரும் ஒரு இணையதளத்தில் ஆள் தேடினேன். ஒருவன் கிடைத்தான். "நானும் வள்ளியூர்ப் பக்கம்தான் அண்ணாச்சி, பத்து நிமிட வேலை" என்றான். அந்த 'அண்ணாச்சி'யில்தான் விழுந்தேன். 18,500 ரூபாய் அனுப்பினேன், பாஸ்வேர்டையும் கொடுத்தேன். "வேலை முடிந்தது என்று இப்போதே அழுத்திவிடுங்கள், அப்போதுதான் தளம் எனக்குப் பணத்தை விடும்" என்றான். அழுத்தினேன். புத்தி கெட்டவன் நான்.

அவன் டேட்டாபேஸ் பக்கமே போகவில்லை. பெரிய கோப்புகளாகப் பார்த்து நேரடியாக அழித்தான். அதில் ஐபிடேட்டா1 கோப்பும் போனது. எல்லா அட்டவணைகளின் குறிப்பும் அதற்குள்தான் இருக்கிறது. அழித்த பிறகும் டிஸ்க்கில் இடம் கூடவில்லை என்று சர்வரை ரீஸ்டார்ட் செய்தான். அத்தோடு முடிந்தது. லினக்ஸில் நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பு, அழித்தாலும் நிரல் நிற்கும்வரை உயிரோடு இருக்குமாம். ரீஸ்டார்ட் செய்யாதிருந்தால் மீட்டிருக்கலாம் என்று பாளையங்கோட்டையில் படிக்கும் அக்காள் மகன் பிறகு சொன்னான்.

அவனைக் கேட்டால், "கரண்ட் போனதால் கெட்டது அண்ணாச்சி" என்றான். மறுநாள் "வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்." அதற்கடுத்த நாள் எடுக்கவே இல்லை. தளத்தில் கேட்டால், வேலை முடிந்ததாக நீங்களே உறுதி செய்திருக்கிறீர்கள், 18,500 ரூபாயைத் திருப்ப இயலாது என்று மூன்று முறையும் ஒரே பதில்.

கடைசி பேக்கப் பதினோரு நாள் பழையது. அதற்குப் பிந்தைய கடன் கணக்கு எல்லாம் போயிற்று. 18,500 தனி.

டேட்டாபேஸ் கோப்பைக் கையால் அழிக்க விடாதீர்கள். இப்படிப் பாதியில் நின்று கிடக்கும் அநாதை அட்டவணையை டேட்டாபேஸ் கட்டளையால்தான் நீக்க வேண்டும். முதலில் முழுக் கோப்புறையையும் நகல் எடுங்கள். கண்ணால் பார்க்காமல் 'முடிந்தது' அழுத்தாதீர்கள். இன்னும் எழுத நினைத்தேன். பதினோரு நாள் பில் நகல்கள் கட்டுக்கட்டாக மேசையில் கிடக்கின்றன, ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும்.